பாதுகாப்புக் கட்டளையை மீறி அவர் வந்தால்? வன்னிப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் வன்முறை செய்பவரைத் தடுத்து நீதவான் தரும் பாதுகாப்புக் கட்டளையை எடுப்பது எப்படி என்று சொல்லித்தர இன்று ஓரளவு ஆட்கள் இருக்கிறார்கள். எடுத்த கட்டளையை அவர் மீறும் நாளில் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பெருநிலப்பரப்பு எங்கும் பெண்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டம் என்று நான் சொல்வது 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை. அதில் பாதிக்கப்பட்டவர் ஆணாகவும் இருக்கலாம், பிள்ளையாகவும் இருக்கலாம். கேட்பவர்களில் பெரும்பாலானோர் மனைவிமார் என்பதால் அவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மீறலையே முறைப்பாடு செய்யுங்கள். அடி விழும்வரை காத்திருக்க வேண்டாம்.

அவர் இப்போது படலையடியில் நிற்கிறார். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பொலிஸ் அவசர இலக்கமான 119 க்கு அடியுங்கள். "நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளை இருக்கிறது, அதை மீறி வந்து நிற்கிறார்" என்ற வசனத்தை அப்படியே சொல்லுங்கள். "புருசன் வந்து சண்டை பிடிக்கிறார்" என்று சொன்னால் கேட்பவருக்கு அது வழக்கமான சண்டையாகத் தெரியும். கட்டளை என்ற சொல் வந்ததும் விசயம் வேறு. ஊர்ப் பெயரோடு கிட்ட இருக்கும் பாடசாலை, கோயில், சந்தி ஏதாவது ஒன்றையும் சொல்லுங்கள். மீள்குடியேற்ற வீட்டுத்திட்டங்களில் வீட்டு இலக்கத்தை வைத்து இரவில் இடம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பொலிஸ் வந்து சேர நேரம் எடுக்கும். முழங்காவில், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் உள்வீதியில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. வன்னியில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காணிக்குள் தனித்தனி வீடு. கத்தினால் கேட்கும் தூரத்தில் ஆள் இருப்பது நிச்சயமில்லை. அதனால் ஆபத்து வருவதற்கு முன்பே சில ஏற்பாடுகள் வேண்டும். எந்த வேலி வழியாக யார் வீட்டுக்கு ஓடுவது என்பதை முடிவு செய்து அந்த வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். வளவில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது என்று பார்த்து வையுங்கள். பிள்ளைகளுக்கு 119 அடிக்கவும் நடந்ததை ஒரே வசனத்தில் சொல்லவும் பழக்குங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கட்டளையின் பிரதி, மருந்து, கொஞ்சக் காசு எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். அந்தப் பை உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்றில்லை, நம்பிக்கையான அயல் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

சண்டை மூளும்போது குசினிக்குள் போக வேண்டாம். கத்தி, கோடாலி, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரே வாசல் உள்ள அறையும் கூடாது. வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் பக்கம் போங்கள். காயம் பட்டால் 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எது மீறல்? அடித்தால் மட்டும்தானா?

இல்லை. உங்கள் கட்டளையில் என்னென்ன தடை எழுதியிருக்கிறதோ அவற்றில் எதைச் செய்தாலும் மீறல்தான். கட்டளையைக் கையில் எடுத்து வரி வரியாக வாசியுங்கள், வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு இருந்து வாசித்தாலும் சரி. வீட்டுக்குள் வருவது, வேலைத்தலத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ வருவது, தொடர்புகொள்ள முயல்வது, பின்தொடர்வது, உங்களுக்கு உதவி செய்யும் உறவினரையோ நண்பரையோ உத்தியோகத்தரையோ தாக்குவது, நீங்கள் நடுத்தெருவில் நிற்கும்படி வீட்டை விற்பது அல்லது ஈடு வைப்பது என்று பலவற்றை நீதவான் தடுக்கலாம். எல்லாக் கட்டளையிலும் எல்லாத் தடையும் இருக்காது. வீட்டுக்கு வரக்கூடாது என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் தொலைபேசியில் கூப்பிடுவதை அந்த வரியின் கீழ் மீறல் என்று சொல்வது சிரமம். அப்படியான இடைவெளி கண்ணில் பட்டால், கட்டளையைத் திருத்தித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

ஒரு பெண்ணின் கணவர் வளவுக்குள் கால் வைக்கவே இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து ஒழுங்கை முகப்பில் உள்ள மதகில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி, அவள் தண்ணீர் அள்ளி முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். வாய் திறந்து ஒரு சொல் கிடையாது. "ரோட்டில நிக்கிறதுக்கு என்ன வழக்கு?" என்று அயலவர்கள் கேட்டார்கள். அவள் கையில் இருந்த கட்டளையில் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் தடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார், யார் கண்டார்கள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போய் முறைப்பாடு கொடுத்தாள். பயமுறுத்துவது என்பது பல வேளை இப்படித்தான் இருக்கும். அதைச் சின்ன விசயம் என்று யாரும் உங்களை நம்பவைக்க விடாதீர்கள்.

இன்னொரு விசயம். முழுக் கட்டளை வரவில்லை, இடைக்காலக் கட்டளைதான் இருக்கிறது என்றாலும் அதை மீறுவதும் அதே குற்றம், அதே தண்டனை.

அவர் மன்னிப்புக் கேட்டு வந்தார், நானும் கதவைத் திறந்துவிட்டேன். கட்டளை செல்லாமல் போய்விட்டதா?

இல்லை. நீதிமன்றம் கட்டளையிட்டது அவருக்கு, உங்களுக்கு அல்ல. அதை மாற்றவோ நீக்கவோ நீதிமன்றத்தால்தான் முடியும். நீக்கச் சொல்லி நீங்களே மனுக் கொடுத்தாலும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொந்த விருப்பத்தில் கேட்கிறீர்களா என்று நீதவான் பார்க்க வேண்டும். நீங்கள் ஒருநாள் சோறு போட்டதால் அவர் மறுநாள் அடிப்பதற்கு உரிமை வந்துவிடாது.

ஆனால் வழக்கில் "அவள்தான் வரச்சொன்னாள்" என்று கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். உண்மையை ஒளிக்காமல் சொல்லுங்கள். மூன்று பிள்ளைகளோடு இருக்கும் ஒருத்தி ஏன் கதவைத் திறந்தாள் என்பது சட்டத்தரணிக்கும் நீதவானுக்கும் புரியாத விசயம் இல்லை. உண்மையாகவே சேர்ந்து வாழும் எண்ணம் இருந்தால், முதலில் நீதிமன்றத்தில் கட்டளையை மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பொலிஸில் எப்படி முறைப்பாடு கொடுப்பது?

கட்டளையின் பிரதியோடு போங்கள். நீதிமன்றப் பதிவாளரிடம் உறுதிப்படுத்திய பிரதிகள் இரண்டு மூன்று எடுத்து வைத்தால், ஒன்று வீட்டில், ஒன்று பையில், ஒன்று அம்மா வீட்டில் இருக்கும். கட்டளை உங்கள் பிரதேசப் பொலிஸ் நிலையத்துக்கும் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோப்பைத் தேடுகிறோம் என்று உங்களை வாங்கில் இருத்தி வைப்பார்கள். கையில் பிரதி இருந்தால் அந்தக் கதைக்கு இடமில்லை.

பெண்கள் சிறுவர் பிரிவில் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். அவர் கடமையில் இல்லாவிட்டாலும் முறைப்பாட்டை வேறொருவர் எடுக்கத்தான் வேண்டும். "நாளைக்கு வாங்கோ" என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

சொல்லும்போது இரண்டு பகுதியாகச் சொல்லுங்கள். முதலாவது, இன்ன திகதிய, இன்ன இலக்கக் கட்டளையை மீறினார். இரண்டாவது, மீறி வந்து என்ன செய்தார்: அடித்தார், கதவை உடைத்தார், கொல்லுவேன் என்றார், போனைப் பறித்தார். காயப்படுத்துவதும் அத்துமீறி நுழைவதும் குற்றவியல் மிரட்டலும் தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் தனிக் குற்றங்கள். இரண்டையும் சேர்த்து எழுதுவித்தால் பொலிசாருக்கு நடவடிக்கை எடுக்க வழி கூடும். கட்டளை மீறல் ஒன்றை மட்டும் எழுதினால், நீதிமன்றத்துக்கு அறிக்கை போட்டுப் பார்ப்போம் என்று இழுபட இடமுண்டு.

மொழி விசயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். உங்கள் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? நீங்கள் தமிழில் சொல்கிறீர்கள், எதிரே இருப்பவர் பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் எழுதிக்கொண்டு போகிறார், கடைசியில் விரலால் ஓரிடத்தைத் தொட்டு "இதில சைன் வையுங்கோ" என்கிறார். வாசிக்க முடியாத ஒன்றில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை இருக்கிறேன் என்று சொல்லுங்கள். "கத்தியோடு வந்தார்" என்று நீங்கள் சொன்னது அந்தப் புத்தகத்தில் "வாய்த்தர்க்கம்" என்று மாறிவிட்டால், ஆறு மாதம் கழித்து மன்றில் உங்களிடம் கேட்கப்படும் கேள்வி அந்தச் சொல்லை வைத்துத்தான் வரும். நேரம் சுணங்கினாலும் பரவாயில்லை.

வெளியே வரும்போது முறைப்பாட்டு இலக்கம், திகதி, நேரம், எழுதிய உத்தியோகத்தரின் பெயர் அல்லது இலக்கம் இவற்றை எழுதி எடுத்து வாருங்கள். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் யாராவது இருப்பார்கள். கூட ஒருவர் நின்றால் பேசும் தொனியே மாறுவதைப் பார்ப்பீர்கள்.

"தங்கச்சி, இது குடும்பப் பிரச்சினை, பேசித் தீருங்கோ" என்று திருப்பி அனுப்பினால்?

இது குடும்பப் பிரச்சினையாக இருந்த காலம் நீதவான் கையெழுத்து வைத்த அன்றோடு முடிந்துவிட்டது. இப்போது அவர் மீறியிருப்பது நீதிமன்றத்தின் கட்டளையை. அதைப் பொலிஸ் நிலைய விறாந்தையில் வைத்து இருவரையும் கைகொடுக்கச் செய்து முடிக்க முடியாது. மத்தியஸ்த சபைக்கு அனுப்பிப் பேசித் தீர்க்கும் விசயமும் இல்லை. நீதவான் விசாரிக்க வேண்டிய குற்றம் இது.

பணிவாக, ஆனால் விடாமல், முறைப்பாட்டைப் பதியும்படி கேளுங்கள். மறுத்தால் பொறுப்பதிகாரியைச் சந்திக்கக் கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். பொலிசின் சிறுவர் பெண்கள் பணியகத்துக்கு 109, மகளிர் உதவி இலக்கம் 1938. பொலிஸ் வேண்டுமென்றே கைவிடுகிறது என்று தெரிந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கத்தில் முறையிடலாம். எந்த நாளில் எந்த நிலையத்தில் யார் மறுத்தார் என்பதையும் அதே கொப்பியில் எழுதுங்கள்.

எல்லாப் பொலிசாரும் இப்படி என்று சொல்லவில்லை. சொந்தப் போன் இலக்கத்தைக் கொடுத்து "இரவு என்றாலும் எடுங்கோ" என்று சொன்ன உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல ஆள் கடமையில் இருப்பார் என்று நம்பி ஒரு பெண்ணின் உயிரை வைக்க முடியாது, அதனால்தான் இவ்வளவும்.

பொலிசை நம்பாமல் நேரே நீதிமன்றத்துக்குப் போகலாமா?

போகலாம். கட்டளை தந்த அதே நீதவான் நீதிமன்றத்தில், அதே வழக்கிலக்கத்தில், சட்டத்தரணி மூலம் மோஷன் (மன்றுக்குக் கொடுக்கும் எழுத்து விண்ணப்பம்) போட்டு மீறலை மன்றின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். எதிராளியை அழைக்கும்படியோ, பொலிசிடம் அறிக்கை கேட்கும்படியோ விண்ணப்பிக்கலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 136 ஆம் பிரிவின் கீழ் தனிப்பட்ட பிராது, அதாவது பொலிஸ் இல்லாமல் நீங்களே நேரே நீதவானிடம் கொடுக்கும் முறைப்பாடு, போடவும் வழி இருக்கிறது. வழக்குத் தவணை கிட்டத்தான் என்றால், அந்த நாளில் சத்தியக் கடதாசியோடு போய் நீதவானிடம் சொல்லுங்கள். தவணை தூரத்தில் இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

காசு இல்லை என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணியை ஒழுங்கு செய்து தரும். அதற்கு கிராம அலுவலரின் வருமான உறுதிப்படுத்தல் கேட்பார்கள். அந்த விதானையார் (கிராம அலுவலர்) உங்கள் கணவரின் சொந்தக்காரர் என்றால், பிரதேச செயலகத்திலேயே அதைச் சொல்லி மாற்று வழி கேளுங்கள்.

என்ன தண்டனை கிடைக்கும்?

குற்றவாளி என்று தீர்ப்பானால் பத்தாயிரம் ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 2005 இல் எழுதிய தொகை, இன்றைக்கு அது ஒரு தொகையே இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஒரு தரம் விளக்கமறியலுக்குப் போய்வந்த பிறகு வேலிக்குக் கிட்டவும் வராதவர்கள் உண்டு. வந்து அடித்திருந்தால், வெட்டியிருந்தால், அதற்கான தண்டனை வேறாக வரும்.

அடித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கா, பொலிசுக்கா, எது முதலில்?

ஆஸ்பத்திரி. எப்போதும் உடம்புதான் முதலில். "விழுந்துவிட்டேன்", "மாடு இடித்தது" என்று சொல்லாதீர்கள். யார், எப்போது, எதனால் அடித்தார் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அவர் துண்டில் எழுதுவார், பின்னர் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைக்கு அதுவே அடிப்படை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே பொலிஸ் காவலரண் இருந்தால் முறைப்பாட்டை அங்கேயே பதியலாம்.

கழுத்தை நெரித்தாரா? வெளியில் அடையாளம் ஒன்றும் தெரியாவிட்டாலும் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். குரல் கம்முவது, விழுங்கக் கஷ்டம், மயக்கம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கழுத்தில் கைவைத்த ஆள் அடுத்த தடவை கொல்லக்கூடியவர் என்று எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக நட்பு நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. தாதியிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே போதும், கூட்டிக்கொண்டு போவார்கள்.

கண்ட சாட்சி யாரும் இல்லை. என்ன செய்வது?

உங்கள் வாக்குமூலமும் சாட்சிதான். அதைப் பலப்படுத்த வழிகள் இருக்கின்றன. வந்த அழைப்புகளை அழிக்காதீர்கள், வட்ஸ்அப் செய்திகளையும் குரல் பதிவுகளையும் அப்படியே வைத்திருங்கள். திரையைப் படம் பிடித்து நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள், போன் உடைக்கப்பட்டால் அது உதவும். ஆனால் மூலப் போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். உடைந்த கதவு, கிழிந்த சட்டை, முற்றத்தில் தெரியும் சில்லுத் தடம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஒலிப்பதிவையும் வீடியோவையும் மன்றில் காட்ட 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டப்படி எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதனால் கையில் இருப்பதைச் சட்டத்தரணிக்கு முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கொப்பியைப் பற்றி ஏற்கனவே சொன்னேன். திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை. அவர் சொன்ன கெட்ட வார்த்தையை எழுதக் கூச்சமாக இருந்தாலும் அதே வார்த்தையை எழுதுங்கள். "தகாத வார்த்தையால் ஏசினார்" என்பதை வைத்து நீதவானால் எதையும் முடிவு செய்ய முடியாது.

அவர் வருவதில்லை. மச்சான் வருகிறார், மாமி வருகிறார், கனடாவிலிருந்து அண்ணன் எடுத்து மிரட்டுகிறார்.

எதிராளி தானே செய்வதும், இன்னொருவரைக் கொண்டு செய்விப்பதும் இரண்டுமே தடைதான். ஆள் அனுப்பினார் என்று காட்ட முடிந்தால் மீறலாகப் பதியுங்கள். அனுப்பினார் என்று காட்ட முடியாவிட்டாலும், மாமன், மாமி, மச்சான்மாரும் இந்தச் சட்டத்தின் உறவு வட்டத்துக்குள் வருகிறார்கள். அவர்களுக்கு எதிராகத் தனியாகப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். வெளிநாட்டு அழைப்பைப் பொறுத்தவரை பதிவைச் சேமித்து வையுங்கள். கடலுக்கு அப்பால் இருப்பவரை இங்கே நிறுத்துவது கஷ்டம், ஆனால் அவர் பேச்சைக் கேட்டு இங்கே வந்து நிற்பவரை நிறுத்தலாம்.

முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லி மிரட்டுவது தனியாக ஒரு பாரிய குற்றம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

கலியாணம் பதியவில்லை. காணி உறுதியும் அவர் பெயரில். எனக்கு உரிமை இருக்கிறதா?

இந்தக் கேள்வி வன்னியில் மற்ற இடங்களைவிட அதிகம் வரும், காரணம் எல்லோருக்கும் தெரியும். இடப்பெயர்வுக்குள் பங்கருக்குப் பக்கத்தில் தாலி கட்டியவர்கள், 2009 இல் எல்லா ஆவணங்களையும் விட்டுவிட்டு வந்தவர்கள், செட்டிகுளம் முகாமில் சேர்ந்து வாழத் தொடங்கியவர்கள் என்று எத்தனை பேர். சட்டம் வாழ்க்கைத் துணையை மட்டும் சொல்லவில்லை, முன்னாள் துணையையும், கலியாணம் பதியாமல் சேர்ந்து வாழ்ந்தவரையும் சொல்கிறது. பதிவு இல்லை என்பதால் கட்டளையும் இல்லை, மீறலும் இல்லை என்று யாராவது சொன்னால் அது பிழை. முஸ்லிம் பெண்களுக்கும் இதே சட்டம்தான், காதியார் (முஸ்லிம் விவாக வழக்குகளைப் பார்ப்பவர்) அனுமதி தேவையில்லை. ஒருபோதும் ஒன்றாக வாழாத காதலன் தொல்லை தந்தால் மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. அதற்குத் தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் போக வேண்டும்.

காணி அனுமதிப்பத்திரம் அவர் பெயரில் இருந்தாலும் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதவான் அவரைத் தடுக்கலாம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருப்பிடம் தேவை என்பதைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கப்படும். ஆகவே "என்ர வீட்டுக்கு நான் வாறதுக்கு யாரைக் கேக்கோணும்?" என்று அவர் வந்து நின்றால் பதில் கட்டளையில் இருக்கிறது. காணி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

அவரிடம் துவக்கு இருக்கிறது.

காட்டோரக் கிராமங்களில் இடியன், கட்டுத்துவக்கு புழங்குவதை எல்லோரும் அறிவார்கள், யாரும் வாயால் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள். விண்ணப்பத்திலும் சொல்லுங்கள், முறைப்பாட்டிலும் சொல்லுங்கள். ஆயுதத்தைக் கைப்பற்றும்படி பொலிசுக்குக் கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. இப்படியான நிலையில் வீட்டில் தங்குவதைவிட அன்று இரவே வேறிடம் போவதுதான் புத்தி. பாதுகாப்பு இல்லத்தில் தங்கவைக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். உடுப்பு, சாமான் எடுக்கத் திரும்பிப் போக வேண்டுமென்றால் பொலிஸ் துணையோடு போகவும் உத்தரவு கேட்கலாம்.

பிடித்தார்கள், பிணையில் வந்துவிட்டார். இப்போது இன்னும் பயமாக இருக்கிறது.

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, வெளியில் வரும் முதல் நாட்கள் ஆபத்தானவை. பிணை கேட்கும் நாளில் உங்கள் சட்டத்தரணி மன்றில் இருக்க வேண்டும். பிணை கொடுப்பதானால் உங்கள் பக்கம் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கும்படி கேட்க வேண்டும். அந்த நிபந்தனையை மீறினாலோ சாட்சியைத் தொட்டாலோ பிணையை ரத்துச் செய்யும்படி விண்ணப்பிக்கலாம். எப்போது வெளியே வருகிறார் என்பதை உங்களுக்கு யாராவது வந்து சொல்வார்கள் என்று இருக்காதீர்கள். தவணைத் திகதிகளை நீங்களே குறித்து வைத்து அன்றே விசாரியுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்கத்தான் வந்தேன் என்கிறார்.

பிள்ளையோடு தொடர்பு பற்றிக் கட்டளையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தடை இருந்தால் பிறந்தநாளுக்கும் வரமுடியாது. பார்க்க உண்மையிலேயே விருப்பம் என்றால், எங்கே, எப்போது, யார் முன்னிலையில் என்று நீதிமன்றத்திடம் கேட்டு எடுக்கலாம். பள்ளிக்கூட அதிபருக்கு ஒரு பிரதி கொடுத்து, யாரோடு பிள்ளையை அனுப்பலாம், யாரோடு கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் சிறுவர் உதவி இலக்கம் 1929 க்கு அடியுங்கள்.

செலவுக்குக் காசு தருகிறேன் என்று வந்து நிற்பதும் இதே வகைதான். பராமரிப்புக் காசுக்கு 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடுங்கள். காசை அவர் மன்றில் கட்டட்டும், நீங்கள் மன்றிலேயே எடுங்கள்.

நான் அம்மா வீட்டுக்கு வவுனியாவுக்கு வந்துவிட்டேன். கட்டளை முல்லைத்தீவில் எடுத்தது.

கட்டளை செல்லும். புதிதாக இருக்கும் இடத்தின் பொலிஸ் நிலையத்தில் ஒரு பிரதியைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். புது முகவரி அவருக்குத் தெரியக்கூடாது என்றால் அதை மன்றில் வெளியாகச் சொல்வதற்கு முன் சட்டத்தரணியிடம் பேசுங்கள். புதிதாக விண்ணப்பிக்க வேண்டி வந்தால், தற்காலிகமாக இருக்கும் இடத்தின் நீதவான் நீதிமன்றத்திலும் விண்ணப்பிக்கலாம்.

புருசனை மறியலுக்கு அனுப்பினவள் என்று ஊர் பேசுகிறது.

பேசுகிறது. கோயிலில் ஒதுங்கி நிற்கிறார்கள், நன்மை தீமைக்குச் சொல்வதில்லை, மூத்த பெண்ணுக்குக் கலியாணம் பேசும்போது இது வருமே என்று உங்கள் சொந்த அம்மாவே அழுகிறார். இதெல்லாம் இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. போருக்குப் பிறகு ஆண்துணை இல்லாத பெண்ணுக்கு இந்த மண்ணில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு, அடித்தாலும் ஒரு ஆம்பிளை வீட்டில் நிற்கட்டும் என்று சொல்வது எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். ஆனால் சிறைக்குப் போவதற்கான காரியத்தைச் செய்தவர் அவர். வழக்கில் வரும் உங்கள் பெயரையும் அடையாளத்தையும் பத்திரிகையிலோ வேறெங்கோ வெளியிடுவது சட்டப்படி குற்றம். முகநூலில் யாராவது போட்டால் அதையும் முறையிடுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். மனம் விட்டுப் பேசுவதற்கு ஊருக்குள் ஆள் இல்லாதபோது அவரிடம் போங்கள்.

கட்டளை முடியப் போகிறது. அதற்குப் பிறகு?

ஒரு பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். முடியும் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அவர் அந்தத் திகதியைக் கட்டாயம் நினைவில் வைத்திருப்பார். ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போதே சட்டத்தரணியிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ போய்ப் புதிய விண்ணப்பம் பற்றிப் பேசுங்கள். அடி விழுந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வன்முறை நடக்கக்கூடும் என்பதற்காகவும் கட்டளை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த வேளையில்தான் இந்த வருடம் முழுக்கக் கொடுத்த முறைப்பாட்டு இலக்கங்களும், கொப்பியும், ஆஸ்பத்திரித் துண்டுகளும் மேசைக்கு வரும். எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கி ஒரு கோப்பில் போட்டு, பிரதி எடுத்து ஒன்றைச் சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டு மூலத்தை உங்களிடமே வைத்திருங்கள்.